பழைய லேத்துக்கு விளக்கு மாற்றுவதற்கு முன்

பழைய லேத்தில், அதாவது உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரத்தில், விளக்கு மாற்றுவதை அரை மணி நேர வேலையாக நினைத்துத் தொடங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வியாசர்பாடியில் இருக்கும் எங்கள் பட்டறையில் அந்த வேலை ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதும் இழுத்தது. மொத்தம் 27,900 ரூபாய் செலவானது. அதில் 13,300 ரூபாய் எந்தப் பயனும் இல்லாமல் போனது. பணத்தை உழைத்துச் சேர்த்துவிடலாம். ஆனால் லேத்தை ஓட்டும் எங்கள் மூத்த டர்னரின் வலது கை, பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக்கின் அருகே சென்று மீண்ட நாளை நினைத்தால் எனக்கு இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது. பிறகு இந்தத் தொழிலில் இருக்கும் பலரிடம் பேசிப் பார்த்தபோது, ஆளுக்கொரு துண்டு விவரம் தெரிந்திருந்தது. முழுவதையும் கோத்துச் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

எங்களிடம் வருவது பெரும்பாலும் ஜாப் வேலைதான். காசிமேட்டு விசைப்படகுகளின் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கான கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ், மணலி பக்கம் ஓடும் டிரெய்லர் லாரிகளின் பின்கள், பித்தளை நிப்பிள்கள் போன்றவற்றைச் செய்கிறோம். லேத், கியர்களாலேயே வேகம் மாற்றும் பழைய ஆல் கியர் வகையைச் சேர்ந்தது. அப்பா காலத்தில் செகண்ட்ஹேண்டில் வாங்கியது. அதன் ஹெட்ஸ்டாக்கின் (சக்கைச் சுழற்றும் கியர் பெட்டி) பின்புறம் வளையும் கையுடன் 24 வோல்ட் குண்டு பல்பு விளக்கு ஒன்று இருந்தது. மூட்டுகள் தளர்ந்து, கவசம் நசுங்கி, வைத்த இடத்தில் நிற்காமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். அந்த விளக்கும், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே உயரத்தில் தொங்கிய இரண்டு டியூப் லைட்டுகளும்தான் எங்களுக்கு வெளிச்சம். டர்னருக்கு 58 வயது. “தம்பி, வெர்னியர்ல கோடு கோடா தெரியல, எல்லாம் ஒண்ணா கலங்குது” என்று அவர் பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி மாற்றினார், அப்படியும் குறை தீரவில்லை. வயது ஏற ஏறக் கண்மணி சிறுக்கிறது, கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. அறுபது வயதில் விழித்திரைக்கு எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அனுபவமுள்ள கையைப் பட்டறையில் வைத்துக்கொள்ள விரும்பினால் அந்தக் கண்ணுக்கு வேண்டிய வெளிச்சத்தையும் கொடுத்தாக வேண்டும். 0.1 மில்லிமீட்டருக்கும் நுணுக்கமான கடைசல் வேலைக்கு 500 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) வேண்டும் என்று ஈஎன் 12464-1 என்ற ஐரோப்பியத் தர நெறி கூறுகிறது. கைப்பேசியில் இருக்கும் லக்ஸ் செயலி துல்லியமான கருவி இல்லை என்றாலும், டூல் (வெட்டும் உளி) முனையில் வைத்துப் பார்த்தபோது அது 140-ஐத் தாண்டவில்லை.

பழைய இயந்திரங்களில் விளக்கு ஏன் 24 வோல்ட்டில் ஓடுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஆபரேட்டர் ஈரக் கையால் இழுத்து நகர்த்தும் ஒரே மின்பொருள் அந்த விளக்கு. அதன் மேல் கூலண்ட் என்ற குளிர்விக்கும் திரவம் தெறிக்கிறது, எண்ணெய் வழிகிறது, கடையும்போது வரும் சூடான உலோகச் சுருள் விழுந்து ஒயரின் உறையைக் கிழிக்கிறது. ஆகவேதான் இயந்திரத்துக்குள் ஒரு கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரை வைத்து, லைனிலிருந்து பிரிக்கப்பட்ட 24 வோல்ட்டை விளக்குக்குக் கொடுத்தார்கள். இயந்திரங்களின் மின்பாதுகாப்பு பற்றிய ஐஇசி 60204-1 தர நெறியும், இயந்திர விளக்குக்கு 50 வோல்ட்டுக்கு மேற்படாத மின்சாரத்தையே பரிந்துரைக்கிறது. எங்கள் லேத்தின் டிரான்ஸ்ஃபார்மர் 415 வோல்ட்டை வாங்கி, மோட்டாரை இணைத்து நிறுத்தும் கான்டாக்டர்களுக்கு 110 வோல்ட்டும் விளக்குக்கு 24 வோல்ட்டும் கொடுப்பது. இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாத் தொல்லையும் தீர்வும் இவற்றில்தான் இருக்கின்றன.

24 வோல்ட் 60 வாட் குண்டு பல்பு கடைகளில் அரிதாகிவிட்டதால் எல்இடிக்கு மாறுவது என்று முடிவெடுத்தோம். பிராட்வேயில் ஒரு கடையில் 24 வோல்ட் எல்இடி மெஷின் லாம்ப் 2,400 ரூபாய்க்குக் கிடைத்தது. “உங்க மெஷின்ல 24 வோல்ட்தானே வருது? அப்படியே மாட்டிக்கலாம்” என்றார்கள். மாட்டினோம், வெளிச்சம் பளிச்சென்று வந்தது, டர்னர் முகத்தில் சிரிப்பு. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, பட்டென்று ஒரு சத்தத்துடன் அணைந்து கருகிய வாடை வீசியது. பொருளில் ஏதோ குறை என்று கடையில் சொன்னதை நம்பி இன்னொன்று வாங்கினோம். அதுவும் அதே வழியில் போனது. மின்னோட்டம் கூடியதால் கெட்டது, வாரண்டி செல்லாது என்று இந்த முறை கைவிரித்துவிட்டார்கள். 4,800 ரூபாய் போனது. அதைவிட, காரணம் தெரியாமல் நின்றதில் வந்த எரிச்சல்தான் அதிகம்.

காரணம் எளிமையானது. அந்த விளக்கு ஒரே திசையில் ஓடும் 24 வோல்ட் டிசிக்குச் செய்யப்பட்டது. எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் கொடுப்பது திசை மாறி மாறி ஓடும் ஏசி. விளக்கின் உள்ளே இருக்கும், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரும் மின்னேற்றத்தைத் தேக்கும் கெப்பாசிட்டரும் ஏசியின் உச்ச மதிப்பைப் பிடித்துக்கொள்ளும்; அது பெயரளவு வோல்ட்டேஜைப் போல 1.414 மடங்கு. சரியாக 24 வோல்ட் ஏசி வந்தாலே உச்சம் 34-ஐ நெருங்கும். ஆனால் 60 வாட் பல்புக்காகச் சுற்றப்பட்ட டிரான்ஸ்ஃபார்மரில் 10 வாட் எல்இடியை மட்டும் மாட்டினால் சுமை குறைந்து வோல்ட்டேஜ் ஏறுகிறது. மாலையில் பக்கத்துப் பட்டறைகள் மூடியதும் லைன் வோல்ட்டேஜும் ஏறுகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தபோது 28 வோல்ட் காட்டியது. அதன் உச்சம் 39.6. பிரித்துப் பார்த்தால், வெடித்த கெப்பாசிட்டரின் மேல் 35 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. ஆகவே கடையில் “24 வோல்ட் இருக்கிறதா” என்று மட்டும் கேட்காமல், ஏசியா டிசியா, எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று கேட்டு, விளக்கின் மேல் அச்சிட்டிருப்பதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் என்ன கொடுக்கிறது என்பதை மாலை வேளையில் ஒருமுறை அளந்து குறித்துக்கொண்டு போங்கள். 24 வோல்ட் சுற்றிலேயே கான்டாக்டரின் கம்பிச்சுருளும் இணைந்திருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்; கம்பிச்சுருள் விடுபடும் ஒவ்வொரு முறையும் எழும் மின்னழுத்தத் துள்ளல் எல்இடியின் சுற்றைத் தாக்கும்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். வட்டாரத்தில் பல பட்டறைகளுக்கு வேலை செய்பவர், பெயர் வேண்டாம். 24 வோல்ட் தொல்லையே வேண்டாம், 230 வோல்ட் ஃப்ளட் லைட் ஒன்றைப் போட்டுவிடலாம் என்றார். விளக்கு, கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். நான் காசிமேட்டுக்குச் சரக்குக் கொடுக்கப் போய்த் திரும்பி வருவதற்குள் வேலையை முடித்துவிட்டார். வெளிச்சம் அபாரமாக இருந்தது. கைப்பேசிச் செயலி 900 லக்ஸ் காட்டியது. சில நாட்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த விளக்கில் இரண்டு ஆபத்துகள் இருந்தன, இரண்டுமே பார்வைக்குத் தெரியாதவை.

முதல் ஆபத்து பித்தளை நிப்பிள் வேலையின்போது வெளிப்பட்டது. ஆறு பட்டைப் பித்தளைக் கம்பியைச் சக்கில் பிடித்து நடுத்தர வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் லேத்தில் கிளட்ச் நெம்புகோல் உண்டு. அதை நடுவில் வைத்தால் சக் நிற்கும், மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே சத்தத்தை வைத்துச் சக் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்வது கடினம். அன்று அடுத்த ஷெட்டில் கிரைண்டிங் இரைச்சல் வேறு. டர்னர் டூலைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, நெம்புகோலைத் தட்டினார். அது முழுமையாக விடுபடவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தபோது பித்தளைக் கம்பி மெல்லப் பின்னோக்கி உருண்டு நிற்கப்போவது போலத் தெரிந்திருக்கிறது. பட்டைகள் ஆறும் தெளிவாக, தனித்தனியாகத் தெரிந்தன என்று பிறகு சொன்னார். துணியை எடுத்துக் கம்பியைத் துடைக்கக் கையை நீட்டினார். துணி சுற்றிக்கொண்டு பறந்தது. கையை உதறி விட்டதால் இரண்டு விரல் நுனிகளில் தோல் கிழிந்ததோடு தப்பினார். தையலுக்கும் மருந்துக்கும் 1,400 ரூபாய் ஆனது. அவர் கையுறை போட்டிருந்தால் விரலோடு போயிருக்கும்; சுழலும் இயந்திரத்தில் கையுறை கூடாது என்று அவர் பிடிவாதமாக இருந்தது அன்று அவரைக் காப்பாற்றியது. “நின்னுடுச்சுன்னுதான் தம்பி நெனச்சேன், என் கண்ணால பாத்தேன்” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நாற்பது ஆண்டுகள் லேத்தின் முன் நின்ற மனிதர் தன் கண்ணையே நம்ப முடியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு நெஞ்சு அடைத்தது.

அவருடைய கண்ணில் பிழை இல்லை, விளக்கில்தான் பிழை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை அது பூஜ்யத்தைத் தொடுவதால், மின்சாரத்தைச் சீராக்கும் நல்ல டிரைவர் சுற்று இல்லாத மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை அணைந்து அணைந்து எரிகிறது. கண்ணுக்கு அது தொடர்ந்த வெளிச்சமாகவே தெரியும். ஆறு பட்டைக் கம்பி நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடினால், நொடிக்கு 100 பட்டைகள் நம் முன்னே கடக்கின்றன. விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் ஒரு பட்டை சரியாக முந்தைய பட்டை இருந்த இடத்தில் நிற்பதால், கம்பியே அசையாமல் நிற்பது போலத் தோன்றும். மோட்டாரின் வேகம் சற்றுக் குறைந்து 980 சுற்றில் ஓடினால், நிமிடத்துக்கு 20 சுற்று வீதம் பின்னோக்கி நகர்வது போலத் தெரியும். லேத்தை நிறுத்திய பிறகு சக் அடங்கும் வேகமும் ஏறத்தாழ அதுதான். இதே கணக்கில் நான்கு தாடைச் சக் 1,500 சுற்றிலும், மூன்று தாடைச் சக் 2,000 சுற்றிலும் நிற்பது போலத் தோன்றும். 1,000 சுற்றில் மூன்று தாடைச் சக்கில் ஆறு தாடைகள் நிற்பதாகத் தெரியும். 60 பல் கொண்ட கியர் வெறும் 100 சுற்றிலேயே உறைந்து நிற்கும். உங்கள் லேத்தின் வேகப் பலகையைப் பார்த்து, நீங்கள் அடிக்கடி ஓட்டும் வேகம் எது, சக்கில் பிடிக்கும் பொருளுக்கு எத்தனை முகம் என்று ஒருமுறை பெருக்கிப் பாருங்கள். பெருக்கி வருவது 6,000-ஐ ஒட்டியிருந்தால் அந்த இடம் ஆபத்தானது.

குண்டு பல்பில் இந்தத் தொல்லை ஏன் இல்லை என்றால், அதன் இழை நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் குளிர்ந்துவிடுவதில்லை. 24 வோல்ட் பல்பின் இழை 230 வோல்ட் பல்பின் இழையைவிடத் தடித்தது என்பதால் அதன் ஒளி இன்னும் சீராக இருக்கும். பழைய இயந்திரங்களைச் செய்தவர்கள் அதைத் தேர்ந்தெடுத்ததில் இத்தனை நன்மை அடங்கியிருந்தது என்பது பழையதைக் கழற்றிப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. செப்புச் சுருள் சோக் போட்ட டியூப் லைட்டும் நொடிக்கு 100 முறை துடிப்பதுதான். அதனால்தான் பெரிய தொழிற்சாலைகளில் டியூப்களை மூன்று ஃபேஸ்களிலும் பிரித்துப் போட்டார்கள், ஒன்று மங்கும்போது மற்றது எரியும்படி. எலக்ட்ரானிக் சோக் நொடிக்குப் பல ஆயிரம் முறை துடிப்பதால் அதில் இந்த மயக்கம் வராது. ஐஇசி 60204-1 இயந்திரத்துக்குப் பொருத்தும் விளக்கில் இந்த உறைதோற்றம் வரக்கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நம் நாட்டில் 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும், தொழிலாளி வேலை செய்யும் இடத்தில் போதுமான, பொருத்தமான வெளிச்சம் வேண்டும் என்றும், கண் கூசுவதையும் விபத்துக்குக் காரணமாகும் நிழலையும் தடுக்க வேண்டும் என்றும் கூறியது.

விளக்கு துடிக்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். கைப்பேசியில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தால், துடிக்கும் விளக்கு வீடியோவில் மின்னி மின்னித் தெரியும். கைப்பேசியில் அந்த வசதி இல்லை என்றால், விளக்கின் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைப் பேனாவை விசிறி போல வேகமாக ஆட்டிப் பாருங்கள். பேனா ஒரே புகையாகக் கலங்கித் தெரிந்தால் நல்ல விளக்கு. பல பேனாக்கள் தனித்தனியாகத் தெரிந்தால் அதை வாங்காதீர்கள். பட்டறைக்குக் கொண்டுவந்து மாட்டிய பிறகும், ஒரு ஆறு பட்டைக் கம்பியைச் சக்கில் பிடித்து, கையை எட்டவே வைக்காமல் தள்ளி நின்று, ஒவ்வொரு வேகத்திலும் ஓட்டிப் பாருங்கள். எந்த வேகத்திலும் பட்டைகள் நிற்பது போலவோ பின்னோக்கி உருள்வது போலவோ தெரியக்கூடாது, வேகமாக ஓடும்போது உருளையாகவே தெரிய வேண்டும்.

விரல் காயம் ஆறி டர்னர் வேலைக்கு வந்த பிறகும் அந்த ஃப்ளட் லைட் இருந்தது. ஆறு பட்டை வேலையை மட்டும் நிறுத்தியிருந்தோம். அப்போது மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் மழைநீர் வடிய நேரமாகும். பட்டறைத் தரை நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஒரு விசைப்படகுக்கான கன்மெட்டல் புஷ்ஷின் உள்விட்டத்தைக் கடைசி வெட்டாகக் கடைந்துகொண்டிருந்தபோது, டர்னர் “ஐயோ” என்று கத்திக் கையை இழுத்தார். இழுத்த வேகத்தில், டூலை நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு கைப்பிடி சுழன்று, டூல் உள்ளே பாய்ந்து புஷ் கெட்டது. கன்மெட்டல் 5,200 ரூபாய். படகுக்காரர் வேறு கடலுக்குப் போக முடியாமல் காத்திருந்தார். லேத்தின் உடலிலேயே மின்சாரம் வந்திருந்தது. மெயினை நிறுத்துவதற்கு முன் உடலுக்கும் ஈரத் தரைக்கும் இடையே மீட்டரை வைத்தபோது 190 வோல்ட் காட்டியது. மூன்றரை டன் இரும்பு முழுவதும் மின்சாரம் ஏறி நின்றது என்பதை அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் மனம் ஏற்றுக்கொண்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. டர்னர் ரப்பர்ச் செருப்புப் போட்டிருக்காவிட்டால் அவர் வீட்டில் நான் என்ன சொல்லியிருப்பேன் என்ற ஒரே எண்ணம்தான்.

மறுநாள் முறையான வயர்மேன் சான்று உள்ள ஒருவரை அழைத்துப் பேனலைத் திறந்து காட்டினேன். இரண்டே நிமிடத்தில் காரணத்தைச் சுட்டிக்காட்டினார். எங்கள் லேத்துக்கு வருவது மூன்று ஃபேஸ் ஒயர்களும் ஒரு எர்த் ஒயரும்தான், மின்னோட்டம் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் கிடையாது. மோட்டாருக்கு நியூட்ரல் வேண்டாம், கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரும் இரண்டு ஃபேஸ்களிலிருந்து 415 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. 230 வோல்ட் விளக்குக்கு மட்டும் நியூட்ரல் தேவை. முன்பு வந்தவர் புதிய ஒயர் இழுக்கும் சிரமத்தைத் தவிர்க்க, விளக்கின் ஒரு முனையை ஃபேஸிலும் மறுமுனையை இயந்திரத்தின் உடலிலும் முடிந்துவிட்டுப் போயிருக்கிறார். எர்த் நன்றாக இருந்தவரை விளக்கின் மின்னோட்டம் எர்த் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. எர்த் பள்ளத்தில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை துருப்பிடித்து அறுந்ததும், மின்னோட்டத்துக்குத் திரும்பிப் போகும் வழி அடைபட்டு, விளக்கின் வழியாக ஃபேஸ் மின்னழுத்தம் முழு உடலிலும் ஏறிவிட்டது. கடற்காற்றும் உப்புநீரும் இருக்கும் எங்கள் பகுதியில் எர்த் பட்டை அறுவது அபூர்வமே இல்லை. எங்கள் பக்கத்தில் இன்னும் எத்தனை லேத்துகளிலும் டிரில்லிங் மெஷின்களிலும் இதே முடிச்சு இருக்குமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் பழைய இயந்திரத்தில் யாராவது பின்னால் 230 வோல்ட் விளக்கோ ஃபேனோ சேர்த்திருந்தால், தயவுசெய்து மெயினை நிறுத்திவிட்டுப் பேனலைத் திறந்து, அதன் இரண்டாவது ஒயர் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். உடலிலோ எர்த் முனையிலோ முடிந்தால் அன்றே கழற்றுங்கள்.

எர்த் பள்ளத்தைப் புதிதாகப் போட 4,500 ரூபாய், நான்கு முனை 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்கு (மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) 2,600 ரூபாய், அவர் கூலி 1,500 ரூபாய். இந்த 8,600 ரூபாய் மொத்தத்தில் சேர்ந்திருந்தாலும், இதை நான் விளக்குச் செலவாகக் கணக்கு வைக்கவில்லை. ஆனால் விளக்கைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான். ஆர்சிசிபி இருந்திருந்தால், ஃபேஸையும் உடலையும் இணைத்த அந்த விளக்கைப் போட்ட நொடியிலேயே அது விழுந்து, முடிச்சைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

விளக்குக்கு அவர் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரின் 110 வோல்ட் முனையிலிருந்தே மின்சாரம் எடுத்து, 24 வோல்ட் டிசி கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கி ஒன்றைப் பேனலுக்குள் பொருத்தினார். 85 முதல் 264 வோல்ட் ஏசி வரை எதைக் கொடுத்தாலும் ஓடும் எஸ்எம்பிஎஸ்கள் ரிச்சி தெருவில் கிடைக்கின்றன. 60 வாட் உடையது 850 ரூபாய். இதற்கு நியூட்ரல் தேவையில்லை. டிரான்ஸ்ஃபார்மர் ஒருமுறை, எஸ்எம்பிஎஸ் ஒருமுறை என்று லைனிலிருந்து இரண்டு முறை பிரிக்கப்பட்ட 24 வோல்ட்தான் விளக்குக்குப் போகிறது. கான்டாக்டர் இழுக்கும்போது 110 வோல்ட் ஒரு கணம் சரிந்தாலும் எஸ்எம்பிஎஸ் கவலைப்படாது, விளக்கும் இமைக்காது. டிசி என்பதால் துடிப்பும் இல்லை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில எஸ்எம்பிஎஸ்களில் 110, 230 என்று கையால் தள்ளி மாற்றும் சிறிய சுவிட்ச் இருக்கும். அதை 110 பக்கம் வைத்து 230 வோல்ட் கொடுத்தால் பொருள் வெடித்துவிடும். சுவிட்ச் இல்லாத, தானே ஏற்றுக்கொள்ளும் வகையை வாங்குவது நல்லது. முன்னும் பின்னும் தனித்தனி ஃபியூஸ் போடுங்கள். இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் விஏ (வோல்ட்-ஆம்பியர், அது தாங்கும் சுமை) அளவைத் தகட்டில் படித்து, புதிய சுமையை அது தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையது 150 விஏ, விளக்குகள் இரண்டும் சேர்ந்து 25 வாட்டுக்குள் அடங்கிவிட்டன.

மூன்றாவது முறையாக விளக்கு வாங்கப் போனபோது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. முன்பக்கம் பிளாஸ்டிக் இல்லாமல் கடினமாக்கப்பட்ட கண்ணாடி வேண்டும். நீல நிறத்தில் பறக்கும் சூடான சுருள் பிளாஸ்டிக்கில் ஒட்டி உருக்கிவிடும். கூலண்ட் புகாமல் இருக்க ஐபி65 என்ற தூசி, நீர்க் காப்புத் தரக்குறி அல்லது அதற்கு மேல் வேண்டும். ஒளியின் நிறம் 4,000 முதல் 5,000 கெல்வின் வரை போதும். 6,500 கெல்வின் வெள்ளை பார்வைக்குப் பளிச்சென்று இருந்தாலும் பளபளக்கும் எஃகில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது என்பதே எங்கள் டர்னரின் தீர்ப்பு. நிறங்களைச் சரியாகக் காட்டும் சிஆர்ஐ 80-க்குக் குறையக்கூடாது. பிரஷ்யன் நீலம் தடவிப் பொருத்தம் பார்ப்பவர்களுக்கும், டூலைச் சாணை பிடிக்கும்போது நிறம் மாறுவதைக் கவனிப்பவர்களுக்கும் இது முக்கியம். இவை எல்லாம் பொருந்திய, மூன்று மூட்டுக் கை கொண்ட விளக்கு 3,600 ரூபாய்க்குக் கிடைத்தது. விலை அதிகம்தான். அவ்வளவு முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. இதை மாதவரத்தில் லாரி வேலை செய்யும் ஒருவர் சொன்னார். லாரிகளுக்கும் மண் அள்ளும் இயந்திரங்களுக்கும் விற்கும் சிறிய எல்இடி ஒர்க் லாம்ப்கள் 10 முதல் 30 வோல்ட் டிசியில் ஓடுபவை. அதிர்வையும் தண்ணீரையும் தாங்கவே செய்யப்பட்டவை. 650 ரூபாய்க்கு ஒன்று வாங்கி அதே எஸ்எம்பிஎஸ்ஸில் இணைத்தோம், பேனா சோதனையில் தேறியது. அதன் ஒளி ஒரே இடத்தில் குவிந்து கூசுவதால் முகத்தில் பால் நிற அக்ரிலிக் துண்டு ஒன்றை ஒட்ட வேண்டியிருந்தது. சுருள் பறக்கும் பக்கத்தில் அதை வைக்க மாட்டேன்.

வைக்கும் இடமும் முக்கியம். சிறிய விளக்கை வேலைக்குப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் நான்கு மடங்காகிறது. எனவே வாட்டைக் கூட்டுவதைவிட அருகே கொண்டுவருவது மேல். பெரிய விளக்கை, டூலைச் சுமந்து நகரும் சேடிலின் பின்புறம் பொருத்தினோம்; டூல் நகரும்போது வெளிச்சமும் கூடவே நகர்கிறது. சேடிலில் பொருத்தினால் ஒயரை நெகிழ்வான உலோகக் குழாய்க்குள் விட்டு, சேடில் ஓடும் பெட்டின் முழு நீளத்துக்கும் இழுபடாமல் போதிய தளர்வு கொடுக்க வேண்டும். காந்த அடித்தளம் வேண்டாம். இரும்புத்தூள் அதைச் சுற்றிப் படிந்து பிடிப்பு விட்டுப்போய், ஓடும் சக்கின் மேல் விளக்கு விழும். மேலிருந்து நேராக அடிக்கும் ஒளியில் கடைந்த பரப்பின் வரிகள் தெரியாது. சாய்வாக, தாழ்ந்த கோணத்தில் அடித்தால்தான் டூல் அதிர்ந்த தடமும் த்ரெட்டின் (மரையின்) ஓரத்தில் இருக்கும் பிசிறும் தெரியும். லாரி விளக்கை ஹெட்ஸ்டாக் பக்கம் வைத்ததால் டர்னரின் கை நிழல் டயலில் விழுவது நின்றது. த்ரெட் கேஜ் வைத்து டூலை நேர்ப்படுத்தும்போது கீழே ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் இடைவெளி தெளிவாகத் தெரியும். இந்தப் பழைய வித்தை எந்த விளக்கிலும் உதவும். குழாய், ஃபியூஸ், கிளாம்ப் என்று சில்லறைச் சாமான்களுக்கு 900 ரூபாய் ஆனது. எஸ்எம்பிஎஸ்ஸும் இரண்டு விளக்குகளும் சேர்த்தால் சரியான விளக்குக்கு ஆன செலவு 6,000 ரூபாய்தான். இப்போது டூல் முனையில் 800 லக்ஸுக்குக் குறையாமல் வருகிறது.

சுவிட்சை விளக்கின் தலையிலோ ஒயரிலோ வைக்காமல் பேனலின் முகப்பில் வைத்தோம். எமர்ஜென்சி பட்டனை அழுத்தினால் மோட்டார் மட்டும் நிற்க வேண்டும், விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பட்டனுக்கு முன்னாலிருந்தே விளக்குக்கு வயர்மேன் இணைப்பு எடுத்திருக்கிறார். விபத்து நேரும் கணத்தில் இருட்டாகிவிடக் கூடாது. மெயின் ஐசோலேட்டரை நிறுத்தினால் விளக்கும் அணையும், ஆகவே பழுது பார்க்கும்போது பிடிக்க ஒரு கை டார்ச்சை அருகே மாட்டி வைத்திருக்கிறோம். கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் ஏறினால் வெளிச்சம் தெரியாமலேயே குறைந்துவிடுவதால், சனிக்கிழமை லேத்தைத் துடைக்கும்போது விளக்கையும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கிறார்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை நான் அழுத்திப் பார்க்கிறேன். எர்த்தை ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் அளக்க, அந்த வயர்மேனுக்கே முன்கூட்டிச் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்து டிரில்லிங் மெஷினுக்கு இதே வேலையைச் செய்ய வேண்டும். அதில் கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை என்பதால், 415-லிருந்து 110-க்கு ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மரைத் தனியாக வாங்கிப் போடுவதாக இருக்கிறோம்.